வயலில் ரோமானியர் புதைகுழி தென்பட்டால்: இங்கிலாந்துச் சட்டம் என்ன சொல்கிறது?

2015-ல் இங்கிலாந்தின் ரட்லண்ட் பகுதியில், கிரேட் காஸ்டர்டன் கிராமத்தில் ஒரு வீட்டை நீட்டிக் கட்ட மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. போலீஸ் வந்தது, எலும்பு ரேடியோகார்பன் சோதனைக்குப் போனது, பார்த்தால் கி.பி. 226-க்கும் 427-க்கும் இடையில் வாழ்ந்த ஓர் ஆண், கணுக்கால்களில் பூட்டோடு சேர்ந்த இரும்பு விலங்கு. 60 மீட்டர் தூரத்திலேயே முறையான ரோமானிய இடுகாடு இருந்தும் இவரை ஒரு பள்ளத்தில் போட்டு மூடியிருக்கிறார்கள். அடிமையாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

இப்படி எலும்பு தட்டுப்பட்டால் முதல் வேலை, தோண்டுவதை அங்கேயே நிறுத்துவது. அடுத்தது போலீசுக்குச் சொல்வது, ஏனென்றால் பழைய எலும்பா, அண்மைக் கொலையா என்று நம் கண்ணுக்குத் தெரியாது. பழையது என்று உறுதியானாலும் நாமே எடுத்துவிட முடியாது. 1857-ஆம் ஆண்டு புதைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி நீதி அமைச்சகத்தின் உரிமம் வேண்டும், எடுக்கும்போது வேடிக்கை பார்ப்பவர் கண்ணில் படாமல் மறைத்து, மரியாதையோடு எடுக்க வேண்டும். நிலம் உங்களுடையது என்றாலும் அந்த உடல் உங்கள் சொத்து கிடையாது, அதற்கு யாருமே உரிமையாளர் இல்லை. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, கூடவே இருக்கும் பொருள்கள்? அதற்கு 1996-ஆம் ஆண்டு புதையல் சட்டம். 300 ஆண்டுக்கு மேல் பழமையான பொருளில் எடைக்குக் குறைந்தது 10 சதவீதம் தங்கமோ வெள்ளியோ இருந்தால் அது புதையல். நாணயம் என்றால் ஒரே இடத்தில் தங்கம், வெள்ளியில் குறைந்தது இரண்டு, மற்ற உலோகத்தில் குறைந்தது பத்து கிடைத்திருக்க வேண்டும். புதையலோடு சேர்ந்து கிடைத்த பானையும் புதையல் கணக்கில்தான் வரும். 14 நாளுக்குள் கொரோனரிடம் (மரணங்களையும் புதையல்களையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும், மறைத்தால் 3 மாதம் வரை சிறை. அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டால் வரும் வெகுமதியைப் பொதுவாகக் கண்டெடுத்தவரும் நில உரிமையாளரும் பாதிப் பாதி பிரித்துக்கொள்வார்கள். 2023 ஜூலை முதல், 200 ஆண்டுக்கு மேற்பட்ட, மிக முக்கியமான உலோகப் பொருள்களும் புதையல் ஆகலாம்.

ஆனால் கிராமப்புற ரோமானியக் குழிகளில் பெரும்பாலும் தங்கம் இருக்காது. ஒரு கலயம், வாயில் வைத்த ஒற்றை நாணயம், காலடியில் கொத்தாகக் குட்டி இரும்பு ஆணிகள். அந்த ஆணிகள் செருப்பின் அடியில் அடித்தவை. தோல் மக்கிப் போயிருக்கும், ஆணிகள் மட்டும் பாதத்தின் வடிவிலேயே கிடக்கும், செருப்பைக் காலில் போட்டுப் புதைத்தார்களா, பக்கத்தில் வைத்தார்களா என்பதுகூட அந்த இருப்பை வைத்துத்தான் தெரியும். மெட்டல் டிடெக்டர் சத்தம் கேட்டதும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பையில் போட்டால் அந்தச் செருப்பே காணாமல் போய்விடும். இவை புதையல் சட்டத்துக்குள் வருவதில்லை, சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதற்காகத்தான் 1997-ல் தொல்பொருள் பதிவுத் திட்டம் தொடங்கினார்கள். அந்தந்த வட்டாரத்தில் அதற்கென்று ஓர் அலுவலர் இருக்கிறார், காட்டினால் பதிவு செய்துகொண்டு பொருளைத் திருப்பித் தந்துவிடுவார். ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், மண்ணில் இருந்தபடியே விட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு அவரைக் கூப்பிடுங்கள்.