இலவசச் செயலிக்குப் பணம் கட்டுவது யார்?

கைபேசிச் செயலிகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. செயலியைத் திறந்ததும் அது யார் யாரோடு பேசுகிறது என்பதைக் கணினியில் வரிவரியாகப் பார்ப்போம். இலவசச் செயலி என்றால் பெரும்பாலும் ஒரே கதைதான். பயனர் இன்னும் ஒரு பட்டனைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். அதற்குள் செயலியை உருவாக்கியவருக்குச் சொந்தமில்லாத பல சர்வர்களுக்குத் தகவல் போயிருக்கும். போனின் மாடல், மொழி, விளம்பர அடையாள எண் (விளம்பர நிறுவனங்கள் ஒரு போனை இனங்காணப் பயன்படுத்தும் எண்), சில சமயம் இருப்பிடமும்.

திரையில் காலியாக இருக்கும் விளம்பரக் கட்டத்துக்கு, அந்தத் தகவலை வைத்து, விளம்பர நிறுவனங்களுக்கு இடையே அப்போது ஏலம் நடக்கிறது. அதிகம் தருபவரின் விளம்பரம் வந்து உட்காரும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ஏலத்தில் தோற்றவர்கள் கைக்கும் அந்தத் தகவல் போய்ச் சேர்ந்திருக்கும். எனக்குக் கவலை தருவது அதுதான்.

அடுத்தவர் காசில் நமக்குச் சேவை கிடைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அது பழைய ஏற்பாடு. 1833-இல் நியூயார்க்கில் 'தி சன்' நாளிதழ் ஒரு சென்ட்டுக்கு வந்தது. மற்றவை அப்போது ஆறு சென்ட் வரை விற்றன. மிச்சத்தை விளம்பரதாரர்கள் ஈடுகட்டினார்கள். இன்று ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசரை நாம் இலவசமாகப் பயன்படுத்த முடிகிறது என்றால், தன் தேடுபொறியை அதில் முதலில் வைப்பதற்காகக் கூகுள் தரும் பணம் அதற்கு முக்கியக் காரணம். கொடுப்பது யார், வாங்குவது எதை என்பது அங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

அது தெரியாத இடத்தில்தான் சிக்கல். அவாஸ்ட் இலவச வைரஸ் தடுப்பு மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்காக மக்கள் நம்பி நிறுவியது. அதன் வழியே சேர்ந்த இணைய உலாவல் பதிவுகளை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வெளியாருக்கு விற்றது. செய்தி வெளியானதும், 2020-இல் அந்தத் துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அவாஸ்டை 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. அடையாளத்தை நீக்கிவிட்டோம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. ஒவ்வொரு பிரௌசருக்கும் தனி எண் இருந்ததால் ஆளைக் கண்டுபிடிக்க வழி இருந்தது என்றது கமிஷன். அதனால் தனியுரிமைக் கொள்கையில் 'அடையாளம் நீக்கப்பட்ட தரவு' என்று படித்தால் நான் நிம்மதி அடைவதில்லை, மேலும் தோண்டுவேன்.

2013-இல் ஒரு டார்ச் செயலியும் இதே கமிஷனிடம் சிக்கியது. பெயர் பிரைட்டஸ்ட் ஃபிளாஷ்லைட். வெளிச்சம் தருவது மட்டும்தான் அதன் வேலை. ஆனால் இருப்பிடத்தையும் போனின் அடையாளத்தையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. விதிமுறைகளை ஏற்கிறேனா இல்லையா என்று பயனர் சொல்வதற்கு முன்பே!

சரி, என்ன செய்யலாம்? ஒரு செயலியை நிறுவும் முன் அதன் கொள்கைப் பக்கத்தில் 'மூன்றாம் தரப்பு', 'கூட்டாளிகள்' ஆகிய சொற்களைத் தேடி, அந்தப் பத்திகளை மட்டுமாவது படியுங்கள். செயலியின் வேலைக்குத் தேவையில்லாத அனுமதியைக் கேட்டால் மறுத்துவிடுங்கள்; பெரும்பாலும் செயலி அப்போதும் ஒழுங்காகவே ஓடும். அப்புறம், புதிய ஆண்ட்ராய்டு போன்களில் தனியுரிமை அமைப்புக்குள் விளம்பரப் பகுதியில் விளம்பர அடையாள எண்ணையே அழித்துவிடலாம். ஐஃபோனில், பின்தொடர அனுமதி கேட்கும் வசதியை எல்லாச் செயலிகளுக்கும் ஒரே பட்டனில் அணைத்துவிடலாம்.