மலச்சிக்கல் இல்லை, மூத்திர அடைப்பு!

இந்த மாதத்தில் இப்படி என்னிடம் வந்த மூன்றாவது பூனை இது. ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு, தெம்பனிஸிலிருந்து ஒரு தம்பி தன் கடுவன் பூனையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். "ரெண்டு நாளா மலச்சிக்கல் டாக்டர், பூசணிக்காய் மசிச்சுக் கொடுத்தேன்." வயிற்றில் கை வைத்தேன். மூத்திரப்பை ஆரஞ்சுப் பழம் அளவில் கல் மாதிரி இறுகியிருந்தது.

சரி, விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கடுவன் மணல் தட்டில் ஏறிக் குந்துகிறது, முக்குகிறது, கத்துகிறது, ஒன்றும் வராமல் இறங்கி அந்த இடத்தையே நக்குகிறது. பத்து நிமிடத்தில் மறுபடியும் ஏறுகிறது. உடனே மலச்சிக்கல் என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். மலச்சிக்கலுக்கும் பூனை முக்கத்தான் செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எது வராமல் முக்குகிறது என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது. மணலைக் கிளறிப் பாருங்கள். மூத்திரம் நனைத்த மணல் கட்டியே இல்லையா? இருந்தும் பாக்கு அளவுதானா? உடனே கிளம்புங்கள். நேற்று மலம் போயிருந்தாலும் கிளம்புங்கள். பூசணிக்காய் வேண்டாம், விளக்கெண்ணெய் வேண்டாம், வயிற்றை அமுக்கவே வேண்டாம். முழுதாக அடைத்துவிட்டால் ஓரிரு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும்.

"மடியில் வைத்தால் குர்குர் என்கிறதே?" வலியிலும் பூனை குர்குர் என்னும். சாகக் கிடந்த பூனை அப்படிச் சொன்னதை என் மேசையிலேயே கேட்டிருக்கிறேன்.

2024 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரண்டு பூனை வரை வளர்க்கலாம். நல்லதுதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே தட்டு வைத்தால், ஒன்று போகாததை மற்றது மறைத்துவிடும். பூனைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்று நாங்கள் சொல்வோம். மூவறை வீட்டில் எங்கே வைப்பது என்பீர்கள், தெரியும். குறைந்தது இரண்டு தட்டாவது வையுங்கள்.

அப்புறம், பனடால், அதாவது பாராசிட்டமால் மாத்திரை. அரை மாத்திரைகூடப் பூனைக்கு விஷம், தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் கொண்டுவாருங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். இரவிலும் திறந்திருக்கும் சிகிச்சையகத்தின் எண்ணை இன்றே கைப்பேசியில் போட்டு வையுங்கள்.

தெம்பனிஸ் கடுவன் மூத்திரம் வடியப் போட்ட குழாயோடு மூன்று நாள் எங்களிடம் இருந்துவிட்டு வீடு போனது. இனிமேல் டின் உணவாகக் கொடுக்க வேண்டும், தண்ணீர் உள்ளே போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மிச்சமிருந்த பூசணிக்காயைச் சாம்பாரில் போடச் சொன்னேன்.