ஆசிட்டில் ஊறிய கைக்கோடரி

போன வாரமும் ஒன்று வந்தது. கடலூரில் மனை மேடாக்கக் கொட்டிய செம்மண்ணில் கிடைத்த கல். இரண்டு பக்கமும் செதுக்கிய குவார்ட்சைட் கைக்கோடரி, அதாவது கைப்பிடி இல்லாமல் கையில் பிடித்து வேலை செய்யும் கற்காலக் கருவி, சந்தேகமே இல்லை. கொண்டுவந்த தம்பி அதை டைல்ஸ் ஆசிட்டில் ஊறவைத்து, இரும்பு பிரஷ்ஷால் தேய்த்து, பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெயும் பூசியிருந்தார். எந்த ஊர் மண் என்று கேட்டேன். "லாரில வந்துச்சு சார், தெரியல." அப்புறம், "பதினஞ்சு லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே தமிழ் பேசினோம்னு இதை வச்சு எழுதலாமா?"

முடியாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த 15 லட்சம், திருவள்ளூர் மாவட்டம் அதிரம்பாக்கத்துக் கருவிகளின் வயது. 2011இல் வெளியானது. அங்கே மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. கல்லைச் செதுக்கியது எந்த மனித இனம் என்றே தெரியாதபோது அவர்கள் பேச்சைப் பற்றி என்ன சொல்வது? நம் ஹோமோ சேபியன்ஸ் இனத்தின் மிகப் பழைய எலும்புகளே, மொராக்கோவில் கிடைத்தவை, ஏறக்குறைய 3 லட்சம் வருடம்தான். 15 லட்சம் வருடத்துக்கு முன் தமிழும் கிடையாது, சமஸ்கிருதமும் கிடையாது. புதுச்சேரிக்காரர்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், பிரெஞ்சும் கிடையாது. இதைச் சொன்னால் தமிழ்த் துரோகி என்கிறார்கள். சங்க இலக்கியம் வைத்திருக்கும் மொழிக்கு ஒரு கல்லின் சிபாரிசு எதற்கு?

கல்லில் படிக்க வேண்டியது வேறு. பிந்தைய காலத்தில் வந்த, லெவல்வா என்ற கற்கருவி செய்யும் முறையில் மூலக்கல்லைச் சுற்றிலும் சீவித் தயார் செய்துவிட்டு, கடைசி ஒரே அடியில் வேண்டிய சில்லைப் பெயர்ப்பார்கள். அந்தச் சில்லின் வடிவம் முதல் அடிக்கு முன்பே மனதில் இருந்தாக வேண்டும். அதைப் பிள்ளைகளுக்கு யாரோ உட்கார்ந்து பழக்கியிருக்கிறார்கள். அதற்குப் பேச்சு தேவையா? 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 184 பேரை எளிய சில்லுகள் உடைக்க வைத்தார்கள். வெறுமனே பார்த்துக் கற்றவர்களைவிட வாயால் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்கள் நன்றாக உடைத்தார்கள். பேச்சு உதவியிருக்கும் என்பது வரைதான் அது போகும். என்ன பேச்சு என்பதற்குப் போகாது.

அதிரம்பாக்கத்தில் இந்த லெவல்வா வகைக்கு 3,85,000 வருடம் என்று 2018இல் சொன்னார்களே, அது கருவிகள் புதைந்திருந்த மண்ணை ஆராய்ந்து வந்த கணக்கு. மண் போனால் வயதும் போச்சு.

அதனால் கல்லைப் பார்த்தால் எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள், லொகேஷனைக் குறியுங்கள், தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். ஜேசிபி வந்து நிற்கிறது, வேறு வழியில்லை என்றால் மண்ணோடு காகிதப் பையில் போட்டு, இடத்தை எழுதி வையுங்கள். தயவுசெய்து கழுவ வேண்டாம். தோல் சுரண்டியதா, மரம் சீவியதா என்பது விளிம்பின் நுண்ணிய தேய்மானத்தில்தான் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் இரும்பு பிரஷ்ஷால் தேய்க்கிறீர்கள்.

பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972 சட்டப்படி குற்றம். விலை கேட்டு எனக்குப் போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன்.