உடைந்த ஷாக்கிளைத் தூக்கிப் போடாதீர்கள்

படகுகளைச் சோதித்துச் சொல்வது என் தொழில். ஒருமுறை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு விசைப்படகுக்காரர் கூப்பிட்டார். மடியை, அதாவது இழுவலையை, விரிக்கும் பலகையை வின்ச் கம்பியோடு பிணைக்கிற ஷாக்கிள் (குறுக்கே பின் போட்டு மூடும் U வடிவ இரும்புக் கொக்கி) நடுக்கடலில் உடைந்து, பலகையும் மடியும் போய்விட்டன. கரையில் எல்லாரும் உப்புக்காற்றைத்தான் குறை சொன்னார்கள். பாம்பன் பாலத்தையே தின்ற காற்று, ஷாக்கிளை விடுமா!

நல்லவேளை, மிச்சத் துண்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். "வாங்கி ஆறு மாசம்கூட ஆகலை சார். பழசும் இதுவும் ஒண்ணுபோலத்தானே இருக்கு?"

உடைந்த வாய் கருப்பட்டியை உடைத்ததுபோல் குருணை குருணையாக இருந்தது. உள்ளே காற்றுக் குமிழி ஓட்டைகள் வேறு. அடித்துச் செய்தது என்று விற்றிருக்கிறார்கள். உண்மையில் அது இரும்பை உருக்கி அச்சில் ஊற்றிய வார்ப்பு.

இரும்பை அடிக்கும் இயந்திரத்தின் கதையும் ஒரு கப்பலில்தான் தொடங்குகிறது. 1839இல் 'கிரேட் பிரிட்டன்' நீராவிக் கப்பலின் துடுப்புச் சக்கரத்துக்குத் தேவைப்பட்ட அச்சை, அந்தப் பருமனில் அடித்துக் கொடுக்கப் பட்டறை கிடைக்கவில்லை. மான்செஸ்டர் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஜேம்ஸ் நாஸ்மித் அதற்காக நீராவிச் சம்மட்டி ஒன்றை வரைந்தார். அப்புறம் கப்பல்காரர்கள் சக்கரத்தை விட்டுவிட்டுப் புரொப்பல்லருக்கு மாறிவிட, படம் நோட்டிலேயே கிடந்தது. 1842இல் பிரான்சின் லெ க்ரூசோ ஆலைக்குப் போனவர், அங்கே தன் சம்மட்டி ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்! அவர் ஊரில் இல்லாதபோது வந்த பிரெஞ்சுக்காரர்கள் நோட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். திரும்பியதும் முதல் வேலையாகக் காப்புரிமை வாங்கினார்.

1861இல் அதே மான்செஸ்டரில் பெஞ்சமின், ஸ்டீபன் மாசி என்ற சகோதரர்கள் தொடங்கிய குடும்பக் கம்பெனி, சம்மட்டி செய்வதையே தொழிலாக எடுத்துக்கொண்டது. முதலில் நீராவி, பிறகு அழுத்தக் காற்று. இன்று பட்டறைகளில் பவர் ஹாம்மர் என்கிறோமே, அந்த வகை.

சரி, அடிப்பதால் என்ன ஆகிறது? சுமார் 1,200 டிகிரி சூட்டில் அடி விழும்போது இரும்புக்குள் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகள் மூடிக்கொள்கின்றன, நாரோட்டம் வளைவோடு சேர்ந்து வளைகிறது. பனையைப் பிளந்தவர்களுக்குத் தெரியும், நார் ஓடும் வாக்கில்தான் வலு. தகட்டிலிருந்து வெட்டிய வளையத்தில் அந்த நார் வளைவிலேயே அறுந்துவிடும்.

கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். வார்ப்பில் அச்சு சேர்ந்த கோடு மெல்லிசாகவும், அடித்ததில் பிதுங்கிய இரும்பை வெட்டிய தடம் அகலமாகவும் தெரியும். ஆனால் தேய்த்துத் துத்தநாகம் பூசினால் இரண்டுமே மறைந்துவிடும். அதனால், எத்தனை டன் தாங்கும் என்ற எண்ணும் செய்தவர் முத்திரையும் உடம்பில் பதிந்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். தொலைந்த பின்னுக்குப் பதில் சாதா போல்ட்டை மாட்டுவது அதைவிட மோசம். நான் அதிகம் பார்ப்பதும் இதைத்தான்.

இறுகிய பின்னைக் கழற்றக் கேஸ் வைத்துச் சுட்டால், கம்பெனியில் ஏற்றிய பதம் போய்விடும். துத்தநாகப் பூச்சிலிருந்து கிளம்பும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரலாம்.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையேறியதும், பெயிண்டுக்கு முன்னால் எல்லா ஷாக்கிளையும் கழற்றி உள்வளைவில் தடிமனை அளந்து பாருங்கள். 20 மில்லிமீட்டர் தடிமன் 18 ஆகிவிட்டிருந்தால் அது பழைய இரும்புக்கடைக்குத்தான்.

மண்டபத்துக்காரர் இப்போது ஷாக்கிள் வாங்கப் போகும்போது அந்த உடைந்த துண்டையும் கையோடு எடுத்துப் போகிறாராம்.