ரிஸ்க்: ஆபத்தா, இடரா?

திருநெல்வேலிச் சீமையில் ‘ரிஸ்க்’ என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். வெள்ளம் போகும் தாமிரபரணியில் இறங்கப் போகிறவனிடம் ‘ரிஸ்க் எடுக்காதலே’ என்றால் போதும். குழந்தைப் பாதுகாப்புப் படிவத்துக்குள் இந்தச் சொல் ஏறும்போதுதான் சிக்கல். ‘ரிஸ்க் அசெஸ்மென்ட்’ என்பதை ஒருவர் ‘ஆபத்து மதிப்பீடு’ என்கிறார், இன்னொருவர் ‘இடர் மதிப்பீடு’ என்கிறார். எல்லாம் ஒன்றுதானே என்றால், இல்லை என்பேன்.

இத்தாலிய வணிகர்களிடம் புழங்கி, பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. சரக்கைக் கப்பலில் ஏற்றிவிட்டு, கரை சேருமா சேராதா என்று கணக்குப் போட்டவர்களின் சொல். நடந்து முடிந்த கேட்டை அது சொல்வதில்லை, நடக்கக்கூடியதைச் சொல்கிறது.

ஆபத்து, அபாயம் இரண்டும் வடமொழி வழி வந்தவை. இடர் நம் சொல். ஆனால் பழைய வழக்கில் அது வந்து சேர்ந்துவிட்ட துன்பம். ‘இடரினும் தளரினும்’ என்று சம்பந்தர் பாடும் இடர் அதுதான். 2023 டிசம்பரில் வெள்ளம் வீட்டுக்குள் ஏறிய பிறகு நாம் சொன்ன ‘பேரிடர்’ என்பதிலும் அந்தப் பழைய பொருளே நிற்கிறது. இனி வரப்போவதைக் குறிக்க வள்ளுவரிடம் ‘எதிரதாக் காக்கும்’ என்று அழகான ஆட்சி உண்டு. படிவத்தில்தான் அது உட்காராது.

முக்கூடல் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அம்மா பீடி சுற்றுகிறாள், அப்பாவுக்குக் குடி. பதினைந்து வயது மகள் இரண்டு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. யாரோ குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லிவிட்டார்கள். வாசலில் கால் வைக்கும் சமூகப் பணியாளர் முதலில் பார்க்க வேண்டியது, இன்றைக்கு ராத்திரி இந்தப் பிள்ளை இங்கே தூங்கலாமா என்பதை. உடம்பில் காயம் உண்டா, குடித்துவிட்டு வருகிறவனைத் தடுக்க ஆள் உண்டா? பிள்ளையிடம் தனியே பேசாமல் இது தெரியாது. இந்த ராத்திரிக் கேள்விதான் ‘ஆபத்து’. பதில் மோசமாக இருந்தால் பிள்ளையை அங்கிருந்து கொண்டுவந்து, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் சேர்க்க வேண்டும்.

ராத்திரிக்குப் பயமில்லை என்றாலும் சோலி முடியவில்லை. ஆவணியில் முகூர்த்தம் பார்க்கிறார்களா? அவளும் பீடித்தட்டோடு உட்கார்ந்துவிட்டாளா? வீட்டில் கடன் எவ்வளவு? இது வேறு கேள்வி. இதைத்தான் இடர் என்று சொல்ல வேண்டும். தராசின் மறு தட்டில் வைக்கவும் ஆள் உண்டு: மகனையே அதட்டுகிற ஆச்சி, பேர் சொல்லித் தேடுகிற டீச்சர், அடுத்த தெரு மாமா. இவர்களை எழுதாமல், ஓலைக் கூரையைப் பார்த்ததும் ‘ரிஸ்க்’ என்று டிக் அடிப்பது வெறும் சோம்பேறித்தனம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே, பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்கிறது. கல்யாணப் பேச்சு என்றால் 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நீதிமன்றத் தடையாணை வாங்கலாம். காசுதான் தடை என்றால், தகுதியிருந்தால் மிஷன் வாத்சல்யா என்ற அரசுக் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தின் ஆதரவுத் தொகை மாதம் 4,000 ரூபாய்க்கு எழுதிப் போடலாம்.

ஆக, இந்த ராத்திரிக்கு ‘ஆபத்து’, வரும் மாதங்களுக்கு ‘இடர்’ என்று பிரித்துக்கொள்வதே என் கட்சி. ‘இடர்வாய்ப்பு’ என்று நீட்டினால் இன்னும் துல்லியம்தான். ஆனால் வாய்ப்பு என்றதும் நமக்கு நல்லது ஏதோ வருகிற நினைப்பு வந்துவிடுகிறது. பேசாமல் இடரையே பழக்கிவிடலாம்.

கூடவே வரும் ‘இன்டர்வென்ஷன்’ இன்னும் தொல்லை. ‘தலையீடு’ என்று எழுதினால், ‘எம் மவ விஷயத்துல ஒங்களுக்கு என்ன சோலி?’ என்று கேட்கிற அப்பனின் பக்கம் அந்தச் சொல்லே போய் நின்றுகொள்கிறது. ‘இடையீடு’ பரவாயில்லை, அடிக்கும் கைக்கும் பிள்ளைக்கும் இடையில் ஒருவர் நிற்பது அதில் தெரிகிறது. பிள்ளையின் குடும்ப நிலவரத்தைக் கேட்டறிந்து 15 நாளில் முடிக்க வேண்டிய ‘சமூக விசாரணை’க்குத்தான் எனக்கு இன்னும் மாற்றுச் சொல் அகப்படவில்லை. விசாரணை என்று காதில் விழுந்ததுமே, ‘போலீஸா வந்திருக்காவ?’ என்று அந்த அம்மா பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிடுகிறாள்.