ஷாக் போல்ட்டில் வண்டியைத் தொங்கவிடாதீர்கள்

மறுபடியும் ஒன்று வந்து நிற்கிறது. 1968 செவர்லே சி10, தொடவே மனசு வராத பெயின்ட், ஆனால் பின்னால் ஷாக் பிராக்கெட் பிய்ந்து, டயர் பாடியை உரச, டோ வண்டியில் வந்து இறங்கியது. ஓனர், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பையால் (ஏர் பேக்) வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டுத் தன் வீட்டுக் கராஜிலேயே காயிலோவர், அதாவது ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த ஒரே யூனிட், மாட்டியிருக்கிறார். டெக்சாஸில் இந்தப் பழைய பிக்கப்களுக்கு அடிவேலை பார்க்கிறவன் நான். ஸ்பானரை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள், தயவுசெய்து.

ஏர் பேக் அலுத்துப்போவதில் தப்பில்லை. வால்வு கசியும், காலையில் வந்து பார்த்தால் வண்டி ஒரு பக்கமாகப் படுத்திருக்கும், சரி, மாற்றுங்கள். ஆனால் ஷாக் இருந்த அதே போல்ட்டில் காயிலோவர் அளவாக உட்காருகிறதே, அப்புறம் என்ன என்று கேட்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. உட்காரும்தான். அந்த போல்ட் எதற்காக இருந்தது? ஷாக்கைப் பிடித்துக்கொள்ள மட்டும். ஷாக் வண்டியைத் தூக்குவதில்லை, ஆட்டத்தை அடக்குகிறது, அவ்வளவுதான். வண்டியின் எடையைச் சுமந்தது முதலில் ஸ்பிரிங், பிறகு அந்த இடத்தில் வைத்த ஏர் பேக், இரண்டுக்கும் சேசிஸில் தனி இருக்கை உண்டு. காயிலோவரில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே யூனிட். அதை ஷாக் போல்ட்டில் மாட்டினால் அந்த மூலையின் மொத்த எடையும், பள்ளத்தில் விழும்போது அதைப் போலப் பல மடங்கும், ஒரு முனையில் மட்டும் பிடிப்புள்ள அந்த ஒற்றை போல்ட்டின் தலையில்தான். முன்பக்கம் வி8 இன்ஜின் இருந்தால் ஒரு சக்கரத்துக்கே சுமார் 1,000 பவுண்ட். எடை தாங்குகிற மாதிரி சேசிஸின் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் புது கிராஸ்மெம்பர், போல்ட்டை இரண்டு பக்கமும் பிடிக்கிற பிராக்கெட், நல்ல வெல்டிங், இது மூன்றும் இல்லாமல் மாட்டவே கூடாது.

நண்பர் வண்டியில் போட்ட ஸ்பிரிங் நம்பரை, அதாவது விறைப்பைச் சொல்கிற ஸ்பிரிங் ரேட்டைக் கேட்டு வாங்காதீர்கள். காயிலோவரைச் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்த்து மாட்டினால் ஸ்பிரிங் ரேட்டில் முக்கால்தான் சக்கரத்துக்குப் போகும், 45 என்றால் பாதி. சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ் ஆர்மின் நடுவில் மாட்டினால் கால் பங்கு. நான்கு மூலையையும் எடை போட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

உயரம் இன்னொரு தலைவலி. காற்றை இறக்கி நிறுத்திய உயரத்தில் யாரும் ஓட்டியதில்லை, ஏற்றித்தான் ஓட்டினீர்கள். இப்போது ஸ்பிரிங்கைத் தாங்கும் காலரை (உயரம் மாற்றும் வளையம்) இறக்கி இறக்கி அதே தாழ்வில் ஓட்டினால் ஷாக் அடியில் முட்டி ராட் வளையும். ஓடும் உயரத்தில் ஷாக்கின் மொத்த ஓட்டத்தில் பாதியாவது மேல்நோக்கி அமுங்க மிச்சம் இருக்கட்டும். ஆக்சில் மேலே வர இடம் விட்டுச் சேசிஸில் சி-நாட்ச் வெட்டியிருந்தாலும், முட்டலைத் தாங்கும் ரப்பர் பம்ப் ஸ்டாப் கட்டாயம்.

வாரக் கடைசியில் பின்னால் பைக் ஏற்றிப் போகிறவரா? ஏர் பேக்கையே வைத்துக்கொள்ளுங்கள். சுமைக்கு ஏற்ப உயரத்தைச் சரிசெய்வது அதற்குத்தான் தெரியும். எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை.

கழற்றும் முன் சேசிஸுக்கு அடியில் ஜாக் ஸ்டாண்ட் கொடுங்கள், டேங்க் காற்றை முழுக்க இறக்குங்கள். 150 பிஎஸ்ஐ விளையாட்டில்லை. காற்றடிக்கும் கம்ப்ரஸருக்குப் போன தடித்த ஒயரைப் பேட்டரி முனையிலேயே கழற்றுங்கள், டேப் சுற்றித் தொங்கவிட்டால் ஒருநாள் தீப்பிடிக்கும்.

மாட்டி முடித்ததும் வண்டியைத் தரையில் நிறுத்தி, ஓடும் உயரத்தில் பினியன் ஆங்கிளை (பின் ஆக்சிலில் டிரைவ் ஷாஃப்ட் சேரும் இடத்தின் சாய்வு) பாருங்கள், கொஞ்ச தூரம் ஓட்டி ஸ்பிரிங் படிந்த பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் வையுங்கள் (சொன்ன அளவுக்கு இறுக்குங்கள்), வீல் அலைன்மென்ட் அதற்கு அப்புறம்தான்.