கூட்டமில்லாத இடம் கேட்கும் பயணிகளுக்கு ஒரு வழிகாட்டியின் வேண்டுகோள்

உள்ளூர்க்காரர்கள் தடுத்தும் கேளாமல், கயிறு கட்டி அடைத்திருந்த அருவிப் பாறையில் ஏறிய பயணி ஒருவர், பாசியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். சுற்றுலா வழிகாட்டியாகப் பணிபுரியும் எனக்கு இத்தகைய செய்தி புதிதன்று என்பதே இதை எழுதக் காரணம்.

"எல்லாரும் பார்க்கும் இடம் வேண்டாம், இங்குள்ளவர்களுக்கு மட்டும் தெரிந்த இடத்தைக் காட்டுங்கள்" என்று கேட்காத குழு இப்போது அரிது. கூட்டமில்லாத இடமென்றால் அது எவர் கண்ணிலும் படாத அழகு என்று முடிவு செய்துகொண்டே வருகிறார்கள். அந்த எண்ணம் தவறு. கடற்கரையில் ஒரு பகுதியில் மட்டும் எவரும் இறங்கவில்லை என்றால், அங்கே நீர் கடலை நோக்கி இழுக்கிறது என்பது மீனவர்களுக்குத் தெரிந்திருக்கும்; புதியவர் கண்ணுக்கோ, இருபுறமும் அலை உடையும்போது நடுவே அலையடங்கிக் கிடக்கும் அந்த இடம்தான் குளிக்க ஏற்றதாகத் தோன்றும். காட்டோடையும் அப்படித்தான்: மலைமேல் பெய்த மழை, கீழே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். இவை உள்ளூர்க்காரர்கள் ஒளித்து வைத்திருக்கும் இடங்கள் அல்ல, அவர்களே போகாத இடங்கள்.

அவர்களைக் கேட்டால், பெரும்பாலும் புகழ்பெற்ற இடத்தையே வேறு நேரத்தில், வேறு பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்வார்கள். கம்போடியாவின் அங்கோர் வாட் கோயில் மேற்கு நோக்கியது. விடியலில் குளக்கரையில் நெருக்கியடித்து நிற்பவர்களுக்குக் கோபுரங்கள் கருநிழலாகவே தெரியும். பிற்பகல் வெயில் முகப்பில் விழும்போதுதான் கல்லின் நிறமும் செதுக்கு வேலையும் துலங்கும். தாஜ்மகாலை யமுனையின் எதிர்க்கரையிலுள்ள மேதாப் பாக் தோட்டத்திலிருந்து மாலையில் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்குப் பொதுப் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை என்பதைக்கூட விசாரிக்காமல் ஆக்ராவுக்கு வருபவர்களை என்ன சொல்வது?

கமிஷனுக்காகக் கடைகளுக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள்; ஆகவே நீங்கள் ஐயப்படுவதில் தவறில்லை. ஆனால் "அங்கே போகாதீர்கள்" என்று சொல்பவருக்கு அதனால் ஒரு காசும் கிடைப்பதில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

சில இடங்களைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் வாய் திறக்காததற்கும் காரணம் உண்டு. திரைப்படம் ஒன்றால் புகழ்பெற்ற தாய்லாந்தின் மாயா விரிகுடா, பயணிகள் கூட்டத்தால் பவளப்பாறைகள் பெரிதும் சிதைந்ததால் 2018-இல் மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் திறக்கப்பட்டது.

எனவே, "எங்கே போகலாம்" என்பதோடு நிறுத்தாமல், "எப்போது போகலாம், எதுவரை போகலாம்" என்றும் கேளுங்கள். உயிர்காப்பாளர் இல்லாத கடலில் இறங்காதீர்கள். நீர் உங்களை உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகாமல், மிதந்தபடி கையசைத்து உதவி கேளுங்கள். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலகுங்கள். ஓடை நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, பொருள்களை விட்டுவிட்டு உடனே மேட்டில் ஏறுங்கள். படம் எடுப்பதற்காகக் கயிற்றைத் தாண்டாதீர்கள். குழந்தைகளை அழைத்து வருபவர்களை இன்னும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்: உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டாமென்றால், காரணம் கேட்டு வாதிடுவதற்கு முன் குழந்தைகளை நீரிலிருந்து வெளியே அழைத்துக்கொள்ளுங்கள்.